பழைய பிரதியும் வேண்டும்: கணினியில் ‘கிற்’ நிறுவும் முறை

ஜி, ஐ, ரி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக் கண்டால், உயர்தர மாணவிகளாகிய எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது பொதுத் தகவல் தொழினுட்பவியல் பரீட்சைதான். நான் எழுத வந்தது அதைப் பற்றியன்று. அதே மூன்று எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ‘கிற்’ என்ற இலவச மென்பொருளைப் பற்றி. உலகெங்கும் நிரல் எழுதுவோர் நாள்தோறும் பயன்படுத்தும் இந்த மென்பொருள், கவிதையும் கட்டுரையும் எழுதும் எங்களுக்கும் பயன்படும் என்பது இதை வாசிக்கும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நான் கலைப்பிரிவில் கற்பவள். ஆகவே நிரலாளரின் கண்ணோடு அல்லாமல், தமிழ்க் கோப்புகளை வைத்திருக்கும் ஒருத்தியின் கண்ணோடுதான் இதை விளக்க முடியும்.

இத்தகைய மென்பொருளுக்குத் தமிழில் ‘பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்’ என்று பெயர். பெயர் சற்றுக் கடினமானது. விடயம் எளியது. உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து பாருங்கள். ‘கட்டுரை’, ‘கட்டுரை புதியது’, ‘கட்டுரை இறுதி’, ‘கட்டுரை இறுதி 2’, ‘ரீச்சர் திருத்தியது இறுதி’ என்று ஒரே கட்டுரை ஐந்து பெயர்களில் கிடக்கும். எதில் எந்த வரி மாறியது, யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்று அந்தப் பெயர்கள் சொல்வதில்லை. பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் கோப்பை ஒரே பெயரில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு நிலையையும் பின்னால் சேர்த்துவைக்கிறது. எந்த நாளின் பிரதியையும் திரும்ப எடுக்கலாம். இரண்டு நாட்களின் பிரதிகளை அருகருகே வைத்து, மாறிய வரிகளை மட்டும் பார்க்கலாம். இதைக் கண்ணால் காண விரும்பும் பெற்றோர், தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதேனும் ஒரு கட்டுரையைத் திறந்து, மேலேயுள்ள ‘வரலாறு’ இணைப்பை அழுத்தினால் போதும். அந்தக் கட்டுரை எந்தத் திகதியில் யாரால் எப்படி மாறியது என்ற முழுப் பட்டியலும் விரியும்.

தமிழ் பாடம் கற்பவர்களுக்கு இன்னும் இலகுவாகச் சொல்ல ஒரு சொல் இருக்கிறது. அது ‘பாடபேதம்’. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். கலித்தொகையை 1887இல் அவர் பதிப்பித்தார். ஒரே பாட்டு ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும், மற்றோர் ஏட்டில் வேறு விதமாகவும் இருக்கும். ஏடுகளை ஒப்புநோக்கி, எங்கே சொல் மாறுகிறது என்று கண்டுபிடிப்பதே அக்காலப் பதிப்பாசிரியர்களின் பெரும் வேலையாக இருந்தது. ஏட்டை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்பது பெரும்பாலும் தெரியாது. கிற் செய்வது அந்த ஒப்புநோக்கும் வேலையைத்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவர் பெயர், திகதி, நேரம், மாற்றியதற்கான காரணம் எல்லாம் கூடவே இருக்கும்.

எங்களுக்கு இது தேவைப்பட்ட கதையையும் சொல்லவேண்டும். எங்கள் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து, 1990க்கு முந்திய யாழ்ப்பாண முஸ்லிம்களின் வாழ்க்கையைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருகிறோம். அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் இந்த நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். பலர் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்ற இருவரின் வீடு சோனகதெருவுக்கு அருகில். வாப்பாவின் தொழில் காரணமாக நாங்கள் இருப்பது அரியாலையில், கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே. ஆகவே மூன்று கணினிகள், இரண்டு ஊர்மூலைகள், நடுவில் ஒரு பென் ட்ரைவ்.

அந்தப் பென் ட்ரைவில் இருந்த கோப்பை, பக்க அமைப்புச் செய்வதற்காக நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். அங்கே அதை வேறு எழுத்துருவுக்கு மாற்றி, அதே பெயரில், எங்கள் மூலப் பிரதியின் மேலேயே சேமித்துவிட்டார்கள். மாற்றும்போது ஒரு பகுதி விடுபட்டிருந்தது. கஸ்தூரியார் வீதியில் தையற்கடை வைத்திருந்த ஒரு முதியவர், தன் கடைக்கு அடுத்தடுத்து இருந்த கடைகளை வரிசையாகச் சொன்ன பகுதி அது. மறுபடி கேட்கலாம் என்று நினைத்திருந்தோம். அவர் நோன்பு மாதத்தில் காலமாகிவிட்டார். அந்த வரிசையை இப்போது சொல்லக்கூடிய வேறு எவரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இதன் பிறகுதான் பழைய பிரதியை மறக்காத ஒரு முறையைத் தேடினோம். ராத்தா பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறார். அவர் காட்டியதுதான் கிற்.

கிற் பிறந்த கதை சுவையானது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உலகின் பல மூலைகளில் உள்ளவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். 2002 முதல் அவர்கள் பிற்கீப்பர் என்ற தனியார் மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தார்கள். 2005இல் அந்தச் சலுகை நின்றது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த ஏப்ரல் மாதத்தில் தாமே ஒன்றை எழுத ஆரம்பித்தார். சில நாட்களிலேயே, கிற்றின் நிரலைக் கிற்றே பாதுகாக்கும் நிலைக்கு அது வந்துவிட்டது. சில மாதங்களில் அதன் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார். பெயருக்கு ஆழமான பொருள் எதுவும் இல்லை. பிரித்தானியப் பேச்சுவழக்கில் அது எரிச்சலூட்டும் ஆளைக் குறிக்கும் ஒரு வசைச்சொல். தம் பெயரையே வைத்துக்கொண்டதாக லினஸ் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

பலர் சேர்ந்து ஒரே கோப்பை எழுதுவது எங்கள் நாட்டுக்கும் புதிதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்த சில நாட்களிலேயே, இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற் போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றின் விபரங்களை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற முறையில் வெளியிடப்பட்டதால், 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. ஃப்ரீ சொஃப்ற்வெயார் ஃபவுண்டேஷன் சமூகப் பயனுக்காக வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு சஹானாவுக்குக் கிடைத்தது. அதன் பிந்திய வடிவமான சஹானா ஈடன், நாங்கள் உயர்தரத்தில் கற்கும் அதே பைத்தன் மொழியில் எழுதப்பட்டு, இன்று கிற் களஞ்சியமாகவே இணையத்தில் இருக்கிறது. அதைத் திறந்து, எந்த வரியை யார் எந்த நாளில் சேர்த்தார் என்று நாங்களும் பார்க்கலாம்.

இனி நிறுவும் முறை. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

வின்டோஸ் கணினியில், கிற்றின் உத்தியோகபூர்வத் தளத்துக்குச் சென்று வின்டோஸுக்குரிய கோப்பைத் தரவிறக்கம் செய்யுங்கள். தளத்தின் முகவரி: கிற், ஒரு சிறுகோடு, எஸ்சிஎம், புள்ளி, கொம். தேடுபொறியில் தேடினால் அதே போன்ற பெயரில் வேறு தளங்களும் வரும். அவற்றிலிருந்து எடுக்க வேண்டாம். கோப்பு ஒரு சிறிய காணொளி அளவுதான் வரும். தொலைபேசி டேட்டாவில் எடுப்பவர்களும் பயப்படத் தேவையில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘சூடோ அப்ற் இன்ஸ்ரோல் கிற்’ என்ற ஒரு வரியோடு வேலை முடிந்துவிடும்.

வின்டோஸில் தரவிறக்கிய கோப்பை இரு முறை அழுத்தினால் நிறுவல் தொடங்கும். அது பத்துக்கும் மேற்பட்ட கேள்விகளை ஒவ்வொரு திரையாகக் கேட்கும். பலர் இந்த இடத்தில்தான் மிரண்டு மூடிவிடுகிறார்கள். உண்மையில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது தானே தெரிவு செய்துவைத்திருக்கும் விடையை அப்படியே விட்டு, ‘நெக்ஸ்ற்’ அழுத்திக்கொண்டு போகலாம். ஒரு திரையில் மட்டும் நின்று கவனியுங்கள். எந்த எழுதியைப் பயன்படுத்துவது என்று கேட்கும் திரை அது. அங்கே ‘விம்’ என்பது தெரிவாகியிருக்கும். பழகியவர்களுக்கு அது சிறந்த கருவி. புதியவர்களுக்கோ உள்ளே போனால் வெளியே வரும் வாசல் தெரியாத வீடு. பட்டியலைத் திறந்து நோட்பாட் அல்லது நனோவைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே விம்மில் அகப்பட்டவர்கள் எஸ்கேப் விசையை அழுத்தி, பிறகு முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி மூன்றையும் அடித்து என்ரர் அழுத்தினால் வெளியே வரலாம்.

வரி முடிவுகளைப் பற்றி ஒரு திரை கேட்கும். வின்டோஸும் லினக்ஸும் ஒரு வரி முடிந்தது என்பதை வெவ்வேறு மறைகுறிகளால் பதிகின்றன. அதைக் கிற்றே பார்த்துக்கொள்ளும். அங்கும் மாற்ற ஒன்றுமில்லை.

நிறுவி முடிந்ததும் தொடக்கப் பட்டியலில் ‘கிற் பாஷ்’ என்று ஒன்று தோன்றும். திறந்தால் ஒரு கறுப்புத் திரை. அதில் ‘கிற் --வேர்ஷன்’ என்று அடியுங்கள். ஒரு பதிப்பு எண் வந்தால் எல்லாம் சரி.

அடுத்து, நீங்கள் யார் என்று அதற்குச் சொல்ல வேண்டும். ‘கிற் கொன்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, மேற்கோட் குறிக்குள் உங்கள் பெயர். அதேபோல் ‘யூசர்.ஈமெயில்’ என்று மாற்றி, மின்னஞ்சல் முகவரி. இது எந்த நிறுவனத்திலும் கணக்குத் திறப்பது அன்று. இந்தப் பெயரும் முகவரியும் உங்கள் கணினியில் மட்டும் எழுதப்பட்டு, நீங்கள் செய்யும் ஒவ்வொரு பதிவிலும் சேர்க்கப்படுகின்றன. கடவுச்சொல் எதுவும் இந்த இடத்தில் கேட்கப்படாது. பின்னால் களஞ்சியத்தை இணையத்தில் வைத்தால் அந்த முகவரியும் கூடவே போகும் என்பதைப் பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டும். கிற்ஹப் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, சொந்த முகவரியை மறைக்க அத்தளமே ஒரு மாற்று முகவரியைத் தருகிறது. மாணவிகள் அதையே பயன்படுத்துவது நல்லது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னும் சில வேலைகள் உண்டு. ஆங்கிலக் கையேடுகளில் இவற்றுக்குப் பெரிதாக இடம் கொடுப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால், கிற் அதை மூன்று மூன்று இலக்கங்களாக, ஏதோ இரகசிய மொழிபோலக் காட்டும். ‘கிற் கொன்ஃபிக் --குளோபல் கோர்.குவோற்பாத் ஃபோல்ஸ்’ என்று ஒரு தடவை அடித்துவிட்டால் பெயர் தமிழிலேயே தெரியும். அப்போதும் அந்தக் கறுப்புத் திரையில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியக்கூடும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். திரைக்குத் தமிழ் எழுத்துகளை அடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நோட்பாட்டில் திறந்தால் சரியாக இருக்கும். கிற்றோடு சேர்ந்து வரும் ‘கிற் குயி’ என்ற சாளரத்தைப் பயன்படுத்தினால் கறுப்புத் திரையின் தேவையும் குறையும்.

இரண்டாவது, பாமினி. எங்கள் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். திரையில் அது தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. கிற்றுக்கு அந்தப் போர்வை தெரியாது. ஆகவே மாறிய வரியைக் காட்டச் சொன்னால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம் ஒன்றைக் காட்டும். யுனிகோட் முறையில் தட்டச்சுச் செய்தால் மட்டுமே ‘அ’ கோப்புக்குள்ளும் ‘அ’ ஆக இருக்கும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் மூலத்தோடு ஒரு தடவை வரிக்கு வரி பார்த்தே ஆக வேண்டும். எங்களுடைய அந்தக் கடை வரிசை தொலைந்தது எழுத்துரு மாற்றத்தின் போதுதான்.

மூன்றாவது, மைக்ரோசொஃப்ற் வேர்ட். வேர்ட் கோப்பையும் கிற் பாதுகாக்கும். பழைய நிலைக்கு மீட்டும் தரும். ஆனால் அந்தக் கோப்பு உள்ளே சுருக்கிக் கட்டப்பட்ட பொதி போன்றது. எந்த வரி மாறியது என்று வெறும் உரைக்கோப்பில் போலத் தெளிவாகக் கிற்றால் காட்ட முடியாது. பல வேளைகளில் ‘ஏதோ மாறிவிட்டது’ என்று மட்டும் சொல்லும். எனவே மூலத்தை நோட்பாட்டில் வெறும் உரைக்கோப்பாக வைத்துக்கொண்டு, அழகுபடுத்தும் வேலையைக் கடைசியில் வேர்ட்டில் செய்வதே உகந்தது. அண்மைக்கால வின்டோஸ் 10, 11 ஆகியவற்றின் நோட்பாட் தானாகவே யுனிகோட் முறையில் சேமிக்கும். பழைய கணினியாயின், சேமிக்கும்போது ‘என்கோடிங்’ என்ற இடத்தில் ‘யூரிஎஃப்-8’ இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: ஒரு வாக்கியம் முடிந்ததும் என்ரர் அழுத்தி அடுத்த வாக்கியத்தைப் புதிய வரியில் தொடங்குங்கள். கிற் ஒப்பிடுவது வரிவரியாகத்தான். ஒரு பந்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு காற்புள்ளி மாறினாலும் பந்தி முழுவதும் மாறியதாகக் காட்டும்.

இப்போது ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் வலப்பக்கச் சுட்டியை அழுத்தி, ‘ஓப்பின் கிற் பாஷ் ஹியர்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வின்டோஸ் 11இல் இது மேலும் ஒரு பட்டியலுக்குள் மறைந்திருக்கும். ‘கிற் இனிற்’ என்று அடியுங்கள். அந்தக் கோப்புறை இனி ஒரு களஞ்சியம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கோப்புறை உருவாகியிருக்கும். வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் வரலாறும் போய்விடும்.

பிறகு வரும் வேலை இரண்டு படிகளைக் கொண்டது. ‘கிற் அட்’ என்று எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அடுத்த பதிவில் சேர வேண்டியவை இவை என்று குறித்துக்கொள்ளும். ‘கிற் கொமிற் -எம்’ என்று எழுதி, மேற்கோட் குறிக்குள் ஒரு குறிப்பு எழுதினால், அந்த நேரத்தின் நிலை நிரந்தரமாகப் பதிவாகும். ஏன் இரண்டு படி என்று நானும் கேட்டேன். வீடு மாறும்போது முதலில் பெட்டிக்குள் பொருட்களை வைக்கிறோம், பிறகுதான் பெட்டியை ஒட்டி மேலே பெயர் எழுதுகிறோம் அல்லவா என்றார் ராத்தா. இன்று மூன்று கோப்புகளில் கை வைத்திருந்தாலும், முடிந்த ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்து ஒட்டலாம்.

பெட்டியின் மேல் எழுதும் அந்தக் குறிப்பில் அலட்சியம் வேண்டாம். அதைத் தமிழிலேயே எழுதலாம். ‘திருத்தியது’ என்று எழுதினால் ஆறு மாதத்துக்குப் பிறகு எழுதியவருக்கே ஒன்றும் விளங்காது. ‘3ஆம் இலக்கப் பெரியம்மா இரண்டாம் முறை சொன்னபடி பாடசாலையின் பெயர் மாற்றப்பட்டது’ என்றால் யாருக்கும் விளங்கும். ‘கிற் லொக்’ என்று அடித்தால் இந்தக் குறிப்புகள், திகதி, எழுதியவர் பெயர் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் எழுத்தும் இலக்கமும் கலந்த 40 குறிகள் கொண்ட ஒரு நீண்ட அடையாளம் இருக்கும். அந்தப் பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே அது கணிக்கப்படுகிறது. பழைய பதிவொன்றில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினால், அதன் அடையாளமும் அதற்குப் பின் வந்தவற்றின் அடையாளங்களும் மாறிவிடும். களவாக மாற்ற இயலாது.

‘கிற் டிஃப்’ தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை. இதற்கு எங்கள் உம்மம்மாவின் கதையையே உதாரணமாகக் காட்டுகிறேன். வெளியேறிய அன்று வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்ததாக முதலில் சொன்னார். மூன்று மாதங்களுக்குப் பிறகு வேறொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சாவியைத் தன்னோடுதான் கொண்டுபோனதாகவும், புத்தளத்து முகாமில் அது தொலைந்ததாகவும் சொன்னார். கோப்பில் வரியை மாற்றிவிட்டு ‘கிற் டிஃப்’ அடித்தால், பழைய வரி கழித்தற் குறியோடு சிவப்பிலும், புதிய வரி கூட்டற் குறியோடு பச்சையிலும் வரும். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக.

எது உண்மை? உம்மாவுக்கும் தெரியாது. இரண்டு சாவிகள் இருந்திருக்கலாம். வேர்ட்டில் திருத்தியிருந்தால், முதற் கூற்று ஒன்று இருந்ததே எவருக்கும் தெரியாமற் போயிருக்கும். முதியவர்களின் நினைவு ஒவ்வொரு முறையும் சற்று வேறு விதமாக வருகிறது. பிந்திச் சொன்னதுதான் சரி என்று முடிவுகட்ட எங்களுக்கு என்ன அதிகாரம்?

மூன்று கணினிகளுக்கிடையே பகிர்ந்துகொள்வது அடுத்த கட்டம். இணையம் இல்லாமலே இதைச் செய்யலாம். ஒரு பென் ட்ரைவில் ‘கிற் இனிற் --பெயார்’ என்ற கட்டளையால் ஒரு பொதுக் களஞ்சியம் அமைத்து, ‘கிற் ரிமோற் அட்’ என்ற கட்டளையால் அதன் இருப்பிடத்தை உங்கள் களஞ்சியத்துக்கு ஒரு தடவை அறிமுகப்படுத்தினால் போதும். அதன் பின் ‘கிற் புஷ்’ என்றால் உங்கள் புதிய பதிவுகள் அதற்குள் போகும். ‘கிற் புல்’ என்றால் மற்றவர்களின் பதிவுகள் உங்களிடம் வரும். புதிதாகச் சேரும் ஒருத்தி ‘கிற் குளோன்’ என்றால் முழுவதையும் ஒரே தடவையில் பெற்றுக்கொள்வாள். பென் ட்ரைவைச் செருகியதும், இந்தக் களஞ்சியத்தின் உரிமையாளர் யாரென்று சந்தேகமாக இருக்கிறது என்று கிற் முறையிடலாம். 2022க்குப் பிந்திய பதிப்புகளில் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட சோதனை இது. அந்தச் செய்தியின் கீழேயே, என்ன அடிக்க வேண்டும் என்ற வரியும் இருக்கும். உங்கள் சொந்தப் பென் ட்ரைவ் என்றால் அதை அப்படியே பிரதிசெய்து அடித்தால் சரியாகிவிடும்.

இணையத்தில் வைப்பதாயின், 2008இல் தொடங்கி 2018இல் மைக்ரோசொஃப்ற் வாங்கிய கிற்ஹப் பலரும் அறிந்த தளம். 13 வயது நிறைந்தவர்கள் கணக்குத் திறக்கலாம். கிற் வேறு, கிற்ஹப் வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னையது உங்கள் கணினியிலுள்ள மென்பொருள். பின்னையது அதன் களஞ்சியங்களை வைக்கும் ஓர் இடம். அங்கே தனிப்பட்ட களஞ்சியத்தைக் கட்டணமின்றி வைத்திருக்கலாம். நீங்கள் அழைத்தவர்களைத் தவிர வேறெவரும் அதைப் பார்க்க முடியாது. முதல் தடவை புஷ் செய்யும்போது உலாவியில் ஒரு சாளரம் திறந்து உங்களை அடையாளம் கேட்கும். 2021 ஓகஸ்ட் முதல் வெறும் கடவுச்சொல்லைக் கறுப்புத் திரையில் அடித்து உள்ளே போக முடியாது.

இதில் நான் மிகவும் மதிக்கும் விடயம் ஒன்று உண்டு. பழைய முறைகளில் வரலாறு முழுவதும் நடுவிலுள்ள ஒரு கணினியிலேயே இருந்தது. மற்றவர்களிடம் இருந்தது இன்றைய பிரதி மட்டும். கிற்றில் குளோன் செய்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளிலிருந்து முழு வரலாறும் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அச்சிட்ட நூல்களைப் பிறகு எங்கிருந்தாவது தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதிகள் வரவில்லை. இப்போது எங்கள் கோப்பு மூன்று வீடுகளில், முழு வரலாற்றோடு இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு கணினி நனைந்தாலும் மற்ற இரண்டிலிருந்து எடுக்கலாம்.

மூன்று பேர் ஒரே கோப்பைத் தொடும்போது முரண் வரும். வெவ்வேறு வரிகளை மாற்றினால் கிற் தானாகவே இணைத்துவிடும். ஒரே வரியை இருவர் இரு விதமாக மாற்றினால், அது தீர்ப்புச் சொல்லாது. ஏழு சிறு அம்புக்குறிகள், ஏழு சமன் குறிகள், மீண்டும் ஏழு அம்புக்குறிகள் போட்டு, நடுவில் இருவரின் வரிகளையும் வைத்து, ‘நீங்களே பாருங்கள்’ என்று எங்களிடம் விட்டுவிடும். வேண்டிய வரியை வைத்து, குறிகளை அழித்து, மறுபடி அட், கொமிற் செய்ய வேண்டும்.

எங்களுக்கு வந்த முதல் முரண் இலக்கணம் பற்றியது. ஒரு பெரியவர் ‘எல்லாரும் நடந்துதான் வந்தாங்க’ என்று சொன்னதை ஒருத்தி ‘அனைவரும் நடந்தே வந்தார்கள்’ என்று செந்தமிழாக்கியிருந்தாள். அதே நாளில் மற்றவள் அதே வரியில் ‘செருப்பும் இல்லாம’ என்று விடுபட்டதைச் சேர்த்திருந்தாள். அன்று வட்ஸ்அப்பில் நீண்ட விவாதம் நடந்தது. பேசியவரின் பேச்சையே வைப்பது என்பது என் கட்சி. அதுவே வென்றது. செந்தமிழ் வரி அழியவில்லை. வரலாற்றில் ஒரு பதிவாக இருக்கிறது. பாடசாலை வெளியீடு ஒன்றுக்காக அந்த நடை தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எதையும் மறக்காத இந்தக் குணத்தால் வரும் ஒரு சிக்கலையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஒரு தொலைபேசி எண்ணையோ, ஒரு படத்தையோ, கடவுச்சொல்லையோ கொமிற் செய்துவிட்டு, பிறகு கோப்பிலிருந்து நீக்கினால் அது போய்விடாது. இன்றைய பிரதியில் இருக்காது, பழைய பதிவில் இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதவும் வழி உண்டு. ஆனால் அது கடினமான வேலை. ஏற்கெனவே குளோன் செய்தவர்களின் பிரதிகளில் பழையது அப்படியே நிற்கும். எங்களோடு பேசிய ஒரு மாமி, ‘சொல்றதெல்லாம் எழுதுங்க, என்ட பேர் மட்டும் வேணாம்’ என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். அதனால் முதற் பதிவிலிருந்தே எல்லோருக்கும் இலக்கம்தான். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் ஒரு கொப்பியில் இருக்கிறது. அந்தக் கொப்பி உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது.